குடைக்காரரின் விசிறி

அந்த அலுவலகத்து பியூனுக்குக் குடைக்காரர் என்றே பெயர். அங்கிருந்த கூரை விசிறியின் மோட்டாருக்குச் சுயபுத்தி கிடையாது, சொல்புத்திதான். எந்தப் பக்கம் சுற்றுவதென்று சொல்லித்தரும் கெப்பாசிட்டர் செத்து ஆறு வருடமாகிறது. சுவிட்சைப் போட்டால் உறுமும், நகராது. குடைக்காரர் மேசைமேல் ஏறி, குடைக் காம்பால் இறக்கையை ஒரு தள்ளு தள்ளுவார். பிறகு தானாக ஓடும்.

ஒருநாள் லீவு போட்டார். காலையிலேயே மேலாளர் போன் செய்தார்.

"நானே தள்ளிட்டேன். நல்லாத்தான் சுத்துது, ஆனா காத்து கீழ வரமாட்டேங்குது."

"எதிர்ப்பக்கம் தள்ளிட்டீங்க சார். அது எந்தப் பக்கம் தள்ளினாலும் ஓடும்."

"உங்களை விட்டா இங்க ஆளே இல்ல. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

குடைக்காரர் வீட்டு அலமாரியைத் திறந்தார். ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய புதுக் கெப்பாசிட்டர் பிரிக்காத பெட்டியில் இருந்தது. அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.