நீட்டிய ஜெபம்

அன்று ஞாயிறு ஜெபத்துக்கு ரப்பர் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான எங்கள் லயத்து அறையில் இருந்தவர்கள் நான், என் மனைவி, இரண்டு பிள்ளைகள், நடக்க முடியாத பக்கத்து அறைக் கிழவி ரூத்தம்மாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் எழுத்துக் கூட்டி வேதம் வாசிப்பேன் என்பதால் ஜெபம் நடத்துவது நான்.

பாதியில் பக்கத்து லயத்து அன்னம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, அவருக்கு அம்மை முத்திப்போச்சு. கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி நிக்குது. தூக்கி ஏத்த ஒரு கை குடுங்க."

ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆட்குறைப்பு நடந்த சமயம். எனக்கும் தொற்றிப் படுத்தால் வேலை போய்விடும். பிள்ளைகள் கதி?

"மொதல்ல ஜெபிப்போம் தங்கச்சி" என்று கண்ணை மூடினேன். முடித்தால் எழுந்து போகவேண்டுமே என்று ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனேன். அவள் காலடிச் சத்தம் விலகிப் போனது காதில் விழுந்தது. அப்போதும் கண் திறக்கவில்லை.

திறந்தபோது, மாரியம்மன் கோயில் பூசாரி அவள் புருஷன் யாக்கோபைத் தோளில் சுமந்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எம்மாம் உருக்கமான ஜெபம் தம்பி!" என்றாள் ரூத்தம்மாள்.

யாக்கோபு பிழைத்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க ஜெபந்தாண்ணே என்னைக் காப்பாத்துச்சு." "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

இத்தனை வருஷம் வாசித்த வசனமெல்லாம் என் நாக்கில்தான் வளர்ந்திருக்கிறது. பயம் அடைத்துக் கிடந்த மனசுக்குள் ஒன்றும் இறங்கவில்லை. இன்றும் ஞாயிறன்று என்னைத்தான் ஜெபிக்கச் சொல்கிறார்கள். யாக்கோபு எனக்கு எதிரே, கண்ணை மூடிக் காத்திருக்கிறார்.