கண் மூடினால் கூவும் பெட்டி

பொள்ளாச்சிச் சாலையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற தூக்கத்துக்குத் தனி ருசி உண்டு. கணவாய் வழியாகக் காற்று வரும். தோப்புகளின் நிழலும் வெயிலும் மாறி மாறிக் கண்ணாடியில் விழும். பேருந்தில் சன்னலோரம் இருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலை சாய்ப்பார்கள். நடத்துனர்கூடக் கம்பியைப் பிடித்தபடி எங்கோ போய்விட்டுத் திரும்பி வருவார். அந்த வருடம் எனக்குச் சம்பளம் கிடைத்ததே அந்தத் தூக்கத்தைக் கவனிப்பதற்குத்தான்.

நான் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்தவள். போக்குவரத்துத் துறையின் திட்டம் ஒன்றில் ஒப்பந்த வேலை. சட்டம் கேட்பதற்கு மேலாக, லாரி உரிமையாளர்கள் தாங்களாகவே முன்வந்து வண்டிகளில் பாதுகாப்பு வசதிகளைச் செய்துகொள்ள வேண்டும் என்பது திட்டம். செய்யாவிட்டால் அபராதம் கிடையாது. செய்தால் தகுதிச் சான்றுக்கு, எல்லோரும் எஃப்.சி. என்று சொல்வார்களே, அதற்கு வரிசையில் காத்திருக்க வேண்டாம். வண்டியின் பின்னால் ஒட்டிக்கொள்ளப் பச்சை நட்சத்திரம் ஒன்றும் கிடைக்கும்.

ஆர்.எஸ்.புரத்தில் நான் தங்கியிருந்த அறையைப் பூட்டும்போது பையில் இருப்பவற்றை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒளிரும் ஸ்டிக்கர் சுருள், டயர் தேய்மானம் அளக்கும் கருவி, லாரியின் பக்கவாட்டில் பொருத்தும் தடுப்புக் கம்பியின் படம், ஓட்டுநரின் கண்ணைப் பார்க்கும் கேமரா, தண்ணீர், நட்சத்திரங்கள். ஏதோ கனவுக்குள் போவதற்குச் சாமான் கட்டியதுபோல் இருக்கும். அதிகாரம் என்று பையில் ஒன்றும் இல்லை. கேட்கலாம், அவ்வளவுதான்.

பொள்ளாச்சியில் லாரி உரிமையாளர்களை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டியிருந்தோம். நான் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“ஏனுங்க அம்மணி, இது சட்டமுங்களா, விருப்பமுங்களா?”

“விருப்பந்தாங்க.”

“விருப்பம்னா டீயக் குடிச்சுப்போட்டு நாங்க கெளம்பறமுங்க.”

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். இன்னொருவர், “அந்தப் பச்ச நச்சத்திரத்தப் பாத்தா நம்ம வண்டி பள்ளிக்கோடத்துல பாஸான மாதிரி இருக்குமுங்க” என்றார். மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் முன்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. தென்னந்தோப்பும் சில லாரிகளும் வைத்திருந்த தேங்காய் வியாபாரி. எஃப்.சி. வரிசையில் நின்று நின்று சலித்துப்போனவர். “என்ற வண்டிக்கு மாட்டுங்க கண்ணு. இவீக சிரிக்கட்டும்” என்றார்.

நான் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் ஒரு வாக்குக் கொடுத்தேன். கேமராவில் என்ன பதிவானாலும் அதற்காக எந்த ஓட்டுநருக்கும் தண்டனை இருக்காது. தப்பைத் திருத்தத்தான் கேமரா. சாப்பாட்டுக் கூடத்தின் கதவருகே நின்றிருந்த ஓட்டுநர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் கேமரா அந்தத் தேங்காய் வியாபாரியின் பெரிய லாரியில் ஏறியது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஓட்டுநரின் கண் இரண்டு நொடி மூடியிருந்தால் கூவும். அந்த நேரத்துப் படம் முதலாளியின் போனுக்குப் போகும். வண்டியை ஓட்டியவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெங்களூருக்குத் தேங்காய் ஏற்றிப் போய் வருவார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்துத் தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் அவர்தான். நான் பெட்டியைத் திருகி முடிக்கும்வரை துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “இது என்னைய மட்டுந்தான் பாக்குமுங்களா, ரோட்டையும் பாக்குமுங்களா?” என்று கேட்டார். உங்களை மட்டும்தான் என்றேன். “பரவால்ல. ரோட்ட நான் பாத்துக்கறேன்.”

இரண்டு நடை போய் வந்ததும் முதலாளியிடமிருந்து போன் வந்தது.

“கண்ணு, போட்டோவா வந்து குமியுது. பூராவும் கண்ண மூடிக்கிட்டே இருக்கறானுங்க. அடுத்த லோடுக்கு வேற ஆளப் போட்டர்றேன். இவன் தோப்புல டிராக்டர் ஓட்டட்டும்.”

சாப்பாட்டுக் கூடத்தின் கதவருகே நின்றவர்களின் முகங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. முதலில் கேமரா மாட்டிய வண்டியின் ஓட்டுநரே இறக்கப்பட்டால், இனி ஒவ்வொரு ஓட்டுநரும் அந்தப் பெட்டிக்கு முன்னால் பூமாலையைத் தொங்கவிட்டு மூடிவிடுவார். அது என் கவலை. டிராக்டருக்குப் போகிறவருக்கு அது முழு வாழ்க்கை. அடுத்த லோடில் நானும் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை பொறுங்கள் என்றேன்.

“போய்ப் பாருங்க. தூங்குனான்னா மட்டும் சொல்லுங்க, பொறவு யாரு சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்” என்றார்.

நான் தோப்புக்குப் போனபோது காலை வெயில் ஓலைகளுக்கு மேலேயே நின்றுவிட்டிருந்தது. கீழே பச்சை நிறத்தில் ஒரு மங்கல். தேங்காய்க் குவியலிலிருந்து ஆட்கள் கைக்கு இரண்டு காயாக எடுத்து லாரிக்கு வீச, வீசும்போதே ராகம்போட்டு எண்ணினார்கள். நூறு ஆனதும் அடையாளத்துக்கு ஒரு காயைத் தனியாக உருட்டிவிட வேண்டும். அப்படித் தனியாகக் கிடந்த காய்களுக்குப் பக்கத்தில் ஓட்டுநர் நின்றார். எண்ணுகிறவர்கள் பாட்டுக்கு நடுவில் ஒரு நூறை விழுங்கிவிடாமல், தானும் கூடவே எண்ணிப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. விடிவதற்கு முன்பே ஆரம்பித்ததாம். ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த முதலாளி பெருமையோடு சொன்னார். “இவன் நின்னா ஒரு காய் தப்பாதுங்க. அதுல கெட்டிக்காரன்.”

நான் தலையாட்டினேன். அந்தக் காட்சியின் அழகுதான் அப்போது என் கண்ணில் பட்டது. பச்சை வெளிச்சத்தில் பறக்கும் காய்களும் ராகமும்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். எனக்குக் கருமத்தம்பட்டியில் இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு. லாரியின் உயரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிந்த சாலையே வேறு ஊரின் சாலைபோல் இருக்கிறது. மதில்களுக்கு அந்தப் பக்கம் காயும் கொப்பரை தெரிகிறது. மொட்டை மாடியில் தலை துவட்டும் பெண் தெரிகிறாள்.

ஊர் எல்லையில் ஒரு மாரியம்மன் கோயில் வந்தது. ஓட்டுநர் கண்ணை மூடி, கையைக் கண்ணில் ஒற்றி, உதட்டை அசைத்தார். பெட்டி கூவியது. கிணத்துக்கடவில் மலைமேல் முருகன். கண், கை, உதடு, கூவல். அடுத்து வேப்பமரத்தடியில் ஒரு கருப்பராயன். அதற்கும் கூவியது. ஈச்சனாரியில் பிள்ளையாருக்குக் கொஞ்சம் நீளமாகவே கூவியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அண்ணா, இதுக்குத்தான் அத்தன போட்டோவுங்களா?”

“அதும் மணியடிச்சுச் சாமி கும்புடுதுன்னு நெனச்சனுங்க” என்றார். அவர் கழுத்தில் சின்னச் சிலுவை ஒன்று கறுப்புக் கயிற்றில் தொங்கியது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். “எங்கூட்ல மாதா கோயலுங்க. ஆனா ரோட்டுல இருக்கறதெல்லாம் ரோட்டுக்குச் சாமி. அதுல போய் வேத்துமை பாக்க முடியுங்களா?”

மனம் லேசாகிவிட்டது. முதலாளியிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அப்போதே தயார் செய்தேன். பைபாஸில் ஏறினோம். சாலை நீளமாக, வெளுப்பாக, ஒன்றுமே இல்லாமல் போனது. என்ஜின் ஒரே சுருதியில் முனகியது. அந்த முனகல் எப்போது எண்ணிக்கைப் பாட்டாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. தேங்காய்கள் தாமாகவே உருண்டு மலை ஏறின. ஒவ்வொரு நூறுக்கும் ஒரு காய் விலகிப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டது. யாரோ மிகவும் களைத்த குரலில் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். கோயில் மணி அடித்தது. நிற்காமல் அடித்தது.

விழித்தேன். கூவியது பெட்டி.

இரண்டு பக்கமும் வெறும் பொட்டல். ஓட்டுநர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். வண்டி வெள்ளைக் கோட்டை ஒட்டிக்கொண்டு ஓடியது.

“இது எந்தச் சாமிங்க?” என்றேன். வேடிக்கையாகத்தான் கேட்க நினைத்தேன். என் குரல் அப்படி வரவில்லை.

அவர் ஸ்டியரிங்கைத் திருப்பி வண்டியைக் கோட்டிலிருந்து விலக்கினார். “சாமி இல்லீங்க அம்மணி” என்றார்.

லாரிகள் ஒதுங்குவதற்கான இடம் ஒன்று வந்ததும் நிறுத்தினார். “சித்த நேரம்” என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கின்மேல் கைகளை மடித்துத் தலை வைத்தார். உடனே தூங்கிப்போனார். நான் கீழே இறங்கி லாரியின் நிழலில் நின்றேன். என்ஜின் அடங்கிய பிறகும் காதில் அந்த எண்ணிக்கைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. களைத்த குரல் யாருடையது என்பது அங்கே நிற்கும்போதுதான் பிடிபட்டது. விடிவதற்கு முன்பிருந்து நின்றபடி எண்ணியவரைச் சாப்பிட வைத்து, உடனே பெங்களூருக்கு அனுப்பினோம். அவர்மேல் நம்பிக்கை இல்லாமலா? நம்பிக்கை அதிகம் என்பதால்தான் நிற்க வைத்தார் முதலாளி.

எழுந்ததும் ஓட்டுநர் முகம் கழுவிவிட்டு வந்தார். கோயில்களைப் பற்றியும் நான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு நொடியில் வண்டி ஒரு தோப்பின் அகலத்தைக் கடந்துவிடும், சாமிக்காக மூடினாலும் கண் மூடியதுதான் என்றேன். யோசித்தார்.

“சரிங்க. இனிக் கண்ணத் தொறந்துக்கிட்டே கும்புட்டுப் பாக்கறேன். சாமி கோவிச்சுக்கிட்டா உங்க பேரச் சொல்லிப்போடறேன்.”

கருமத்தம்பட்டியில் வண்டியை ஓரம்கட்டினார். நான் போனைக் கையில் எடுத்ததும் அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். “நெசத்தையே சொல்லிப்போடுங்க. எதுக்கால வர்ற வண்டி உங்க பஸ்ஸாக்கூட இருக்கும்.”

முதலாளி முதல் மணியிலேயே எடுத்தார். “என்னுங் கண்ணு, தூங்குமூஞ்சிதானுங்களே?”

“நாலு தடவ சாமி கும்பிட்டாருங்க. ஒரு தடவ தூங்குனாருங்க.”

“சாமியா!” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “வண்டி கவுற ஒரு தடவ போதுமுங்களே.”

“போதுங்க. ஆனா விடியறதுக்கு முன்னால இருந்து அவர எண்ண வெச்சது நீங்கதானுங்களே. வேற டிரைவரப் போட்டு அவரையும் எண்ண வெச்சா, அவரும் இதே எடத்துல தூங்குவாருங்க.”

“அம்மணி, வேற யாரு எண்ணுனாலும் எனக்குத் தூக்கம் வராதுங்க.”

“ரெண்டு பேர்ல ஒருத்தர் தூக்கம் போயே தீரும்னா, வண்டி ஓட்டாதவரு தூக்கம் போகட்டுங்க.”

மறுமுனையில் ஒரு காகம் கரைவது கேட்டது. அவர் தோப்பில்தான் இருந்தார்.

“இது சட்டமுங்களா?” என்று கடைசியில் கேட்டார்.

“இல்லீங்க. விருப்பந்தான்.”

அவர் போனை வைத்துவிட்டார். நான் இறங்கியதும் ஓட்டுநர், “போய்ட்டு வாரனுங்க” என்று வண்டியை எடுத்தார். நான் அவிநாசி சாலையில் பேருந்துக்காக நின்றேன். சந்துகளிலிருந்து விசைத்தறிகளின் சத்தம் வந்துகொண்டிருந்தது. பச்சை நட்சத்திரங்கள் பையிலேயே இருந்தன.

சில நாட்கள் எந்தச் செய்தியும் இல்லை. நானாகக் கேட்கவும் தோன்றவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று இருந்தது. பிறகு ஒரு மாலை முதலாளி அழைத்து, “நாளைக்குக் காத்தால லோடுங்க. வாரீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

முதல் பேருந்தைப் பிடித்துப் போனேன். தோப்பில் பனி இன்னும் விலகவில்லை. லாரி நின்றிருந்தது, காய்கள் பறந்துகொண்டிருந்தன. ஆனால் ஏதோ குறைந்தது. கனவில் வருகிற வேலைபோல எல்லாம் அசைந்தன, சத்தம் மட்டும் வரவில்லை. பக்கத்தில் போனதும் விளங்கியது. ஆட்கள் ராகத்தை விட்டுவிட்டு, வாய்க்குள் முணுமுணுத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். காய்கள்கூடச் சாக்கு விரித்த இடத்தில் மெத்தென்று விழுந்தன.

தனியாக உருட்டிவிட்ட காய்களுக்குப் பக்கத்தில் முதலாளி நின்றார். தலையில் மப்ளர், கண்கள் சிவந்திருந்தன. யாரோ ஒருவன் பழக்கத்தில் ‘நூறு’ என்று குரல் உயர்த்தினான்.

“டேய், கத்தாதடா” என்று முதலாளி அடங்கிய குரலில் அதட்டினார். “வண்டிக்குள்ள ஆளு தூங்குதல்ல.”

கேபின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இருக்கைக்குப் பின்னால் இருந்த பலகையில் ஓட்டுநர் கால் நீட்டிப் படுத்திருந்தார், ஒரு கை கீழே தொங்கியது. என்ஜின் ஓடாததால் பெட்டிக்கு உயிர் இல்லை. அதன் முன்னால் பூமாலை எதுவும் தொங்கவில்லை.

நான் நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனேன். தகடு பனியில் நனைந்திருந்தது. துப்பட்டாவின் நுனியால் துடைத்தேன். ஒட்டியபின் சத்தம் வராமல் உள்ளங்கையால் அழுத்தினேன்.