ஒஷாவா எம்.பி.க்கு ஒரு சட்டி ரோல்ஸ்

எம்.பி. ஒருவரைப் போய்ப் பார்க்க வேண்டும், எப்படிப் போவது, என்ன கொண்டுபோவது என்று இப்போதெல்லாம் யாராவது என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரேயொரு பயணம்தான். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாத வெள்ளிக்கிழமை, கனடாவில் மோர்னிங்சைட்டிலிருந்து ஒஷாவாவுக்குப் போனது. தூரம் கிட்டத்தட்ட முப்பத்தைந்து கிலோமீற்றர். உலகம் சுற்றியவர்கள் சிரித்துவிட்டுத் தொடர்ந்து வாசியுங்கள்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் குளிர்காலம் அரசாங்கம் எல்லாச் செலவையும் வெட்டிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு உதவிக்குக் கொடுக்கும் பணத்துக்கும் கத்தி தீட்டியாயிற்று என்று பேச்சு. அஜின்கோர்ட்டில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் புதன்கிழமை தோறும் கூடும் சிறிய குழு ஒன்றில் நானும் இருந்தேன். எம்.பி.மாரைச் சந்தித்து, அந்த வெட்டுக்கு எதிராகப் பேசச் சொல்லிக் கேட்பதுதான் எங்கள் வேலை. குழுவில் மூன்று விதிகள் உண்டு. அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவரைக் கூட்டிப்போக வேண்டும். ஒரேயொரு விடயத்தைக் கேட்க வேண்டும். அதையும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் கேட்டுவிட வேண்டும்.

ஒஷாவாப் பக்கத்து எம்.பி. இந்த விடயத்தை ஆராயும் நாடாளுமன்றக் குழுவில் இருந்தார். அவருடைய வாக்காளர்களில் பலர் கார்த் தொழிற்சாலைக் குடும்பங்கள். இங்கேயே வேலை போகிறது, வெளியூருக்கு என்ன கொடுப்பு என்று அவர்கள் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனிதர் மதில்மேல் பூனை. அந்தத் தொகுதியில் எங்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்காளர் தவமணி அன்ரி. மட்டக்களப்புக்காரி. அவருடைய தங்கை யோகம் ஊரில் மருத்துவிச்சி. வாவிக்கு அப்பால் படுவான்கரைக் கிராமங்களுக்கு ஒரு மருத்துவ வான் வண்டியில் போய்வருபவர். வான் ஓடியது கனடா கொடுத்த உதவிப் பணத்தில். வெட்டு வந்தால் பங்குனியோடு வான் நின்றுவிடும் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். நின்றால் அந்தப் பக்கத்துப் பிள்ளைத்தாச்சிகளுக்கு வேறு வாகனம் கிடையாது.

காலை ஒன்பது மணிக்கு சிவம் அண்ணை வந்தார். யாழ்ப்பாணத்தார், டாக்சி ஓட்டுபவர், அன்றைக்கு மீற்றரை நிற்பாட்டிவிட்டு எனக்காகக் காரை ஓட்டினார். பெற்றோலுக்குப் பத்து டொலர் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் ஸ்நோ மெல்லத் தூவத் தொடங்கியது. பிக்கரிங் தாண்டியபின் வலப்பக்கம் ஏரி இருக்க வேண்டிய இடத்தில் ஏரி இல்லை. வானமும் தண்ணீரும் வயலும் ஒரே வெள்ளை. எங்கள் கார் ஓடுகிறதா, ரோட்டுத்தான் எங்களுக்குக் கீழே வழுகிப் போகிறதா என்று தெரியவில்லை. நான் பாடமாக்கிய ஆங்கில வசனத்தை முணுமுணுத்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். அந்த அரைத்தூக்கத்தில் ஸ்நோ மூடிய வயல்களுக்குள்ளால் ஒரு வான் எங்களோடு சேர்ந்து வந்தது. உள்ளே லைட் எரிந்தது. யாரோ ஒரு பெண் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமே இல்லை, அது போய்ச் சேர்ந்துவிடும் என்று நிம்மதியாக இருந்தது. ஒஷாவா வந்துவிட்டது, எழும்பு என்று சிவம் அண்ணை சொன்னபோது கோபம்தான் வந்தது.

தவமணி அன்ரி வாசலில் ஒரு பெரிய எவர்சில்வர் சட்டியோடு நின்றார். மூடியைத் திறக்காமலே வாசம் வந்தது. மீன் ரோல்ஸ். விடிய எழும்பிப் பொரித்தாராம். முதன்முதல் ஒரு மனிசரைப் பார்க்கப் போகையில் வெறுங்கையோடு போவதா என்றார். விதிகளில் ரோல்ஸ் பற்றி ஒன்றும் இல்லாததால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

எம்.பி.யின் அலுவலகம் ஒரு தெருமுனையில், பல் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் இருந்தது. எங்களுக்குப் பதினைந்து நிமிடம். உயரமான மனிதர், களைத்த முகம், நல்ல சிரிப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் அன்ரி சட்டியைத் திறந்து அவருடைய கையில் ஒரு ரோலை வைத்துவிட்டார். அவர் கடித்தார். நான் வசனத்தைத் தொடங்கினேன். மேசைக்குக் கீழே அன்ரியின் சப்பாத்து என் காலில் ஏறியது.

"சாப்பிடுற மனிசனிட்ட ஒண்டும் கேக்கப்படா மனே," என்றார் மெதுவாக.

சரி, முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்தது. ஆனால் சாப்பிடுகிறவரின் கை சும்மா இருப்பதை அன்ரியால் பார்க்க முடியாது. இரண்டாவதை வைத்தார். பிறகு மூன்றாவது. அவரும் மரியாதைக்குச் சாப்பிட்டாரோ, ருசிக்குச் சாப்பிட்டாரோ, சாப்பிட்டார். இடையில் குளிர் எப்படி என்றார். அன்ரியிடம் பேரப்பிள்ளைகள் உண்டா என்றார். ஒவ்வொரு முறை நான் மூச்சை இழுக்கும்போதும் சப்பாத்து ஏறியது. செயலாளர் கதவைத் தட்டி, அடுத்தவர்கள் வந்துவிட்டார்கள் என்றாள். எம்.பி. எங்கள் கையைக் குலுக்கி, வந்ததற்கு நன்றி என்றார். மிச்ச ரோல்ஸைச் சட்டியோடு அன்ரி செயலாளரிடமே விட்டுவிட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வந்த விடயத்தை ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்று அன்ரியை ஏசினேன். அவருடைய முகம் வெளிறிவிட்டது. தங்கையை நினைத்திருப்பார். சிவம் அண்ணை எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் காரை ஸ்ராட் பண்ணினார்.

அப்போது அலுவலகக் கதவு திறந்தது. எம்.பி. கோட்டுக்கூடப் போடாமல், கழுவித் துடைத்த சட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்நோவுக்குள் ஓடிவந்தார். மறந்துவிட்டீர்கள் என்று சிரித்தபடி நீட்டினார். அன்ரி இரண்டு கையாலும் வாங்கி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கட ஊரில பாத்திரத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கிறல்ல எண்டு இவருக்குச் சொல்லு மனே. ஒரு பிடி அரிசியெண்டாலும் போட்டுத்தான் குடுப்பம். எனக்கு அரிசியும் வேணாம், சீனியும் வேணாம். அந்த வான் நிக்காமல் ஓடினாக் காணும்."

பாடமாக்கிய வசனம் எங்கே போனதோ தெரியாது. அன்ரி சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். எந்த வான் என்று கேட்டார். அன்ரி சொல்லச் சொல்ல நான் சொன்னேன். தங்கை, வாவி, துறை, அந்தப் பக்கம் காத்திருக்கும் பெண்கள், எல்லாம். ஸ்நோ அவர் தலைமயிரில் விழுந்து கிடந்தது. செயலாளர் இரண்டு தரம் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. கேட்டு முடித்ததும் அன்ரியின் கையிலிருந்து சட்டியைத் திரும்ப வாங்கினார். என்னால் இதற்குள் எவ்வளவு போட முடியும் என்று தெரியாது, ஆனால் இப்போதைக்கு இது என்னிடம் இருக்கட்டும் என்றார்.

திரும்பும் வழியில் வெயில் எறித்தது. ஏரி இருந்த இடத்திலேயே இருந்தது. விட்பியும் தாண்டியாயிற்று.

"உது சரிவருமோ தெரியேல்லை," என்றார் சிவம் அண்ணை கடைசியில். "ஆனால் மனிசன் சட்டியைக் கொண்டுபோயிட்டார். அது சும்மா இல்லை."

வரவுசெலவுத் திட்டம் வந்தது. உதவிப் பணம் வெட்டுப்பட்டது. நிலவறையில் சிலர் வாய்விட்டு அழுதார்கள், நானும்தான். நாடாளுமன்றக் குழுவில் அந்த எம்.பி. வெட்டுக்கு எதிராகப் பேசினார், சட்டியைப் பற்றியும் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். வான் மட்டும் இன்னும் ஒரு வருடத்துக்குத் தப்பியது. அவர் பேசியதாலா, வேறு எதாலா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதவும் மாட்டேன்.

போகப் போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை கேளுங்கள், அன்றைக்குத்தான் பலர் தொகுதியில் நிற்பார்கள். குளிர்காலமென்றால் ஒரு மணித்தியாலம் முன்பே வெளிக்கிடுங்கள். வாகனம் நிறுத்தச் சில்லறை வைத்திருங்கள். தொகுதி வாக்காளர் இல்லாமல் போக வேண்டாம். ரோல்ஸ் கொண்டுபோகலாம், ஆனால் கேட்பதைக் கேட்டுவிட்டுத் திறவுங்கள். எப்படியும் திருப்பித் தர வேண்டிய பாத்திரத்தில் கொண்டுபோங்கள்.

அந்தச் சித்திரையில் எம்.பி. தவமணி அன்ரியின் வீட்டு வாசலில் வந்து நின்றாராம். சட்டி நிறைய அவருடைய மனைவி சுட்ட பிஸ்கட். வான் ஒரு வருடம் ஓடும், அதற்குமேல் என்னால் முடியவில்லை என்று தலை குனிந்து சொன்னாராம். அன்ரியின் மகள்தான் மொழிபெயர்த்தாள். அன்ரி சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பிஸ்கட்டைக் கொட்டி, கழுவி, அன்றைக்குப் பொரித்த ரோல்ஸை நிரப்பி, மூடிபோட்டுக் கொண்டுவந்து, திரும்பவும் அவர் கையிலேயே வைத்தார்.

"இது அடுத்த வருசத்துக்கு," என்றார்.