நாளைக்கு வரும் வலி

மஸ்கட்டில் மாத்திரையைக் கத்தரித்துத் தருவதில்லை. இரண்டு போதும் என்றாலும் அட்டைப்பெட்டியோடு முழுதாகத்தான் வாங்க வேண்டும். வந்த புதிதில் வலி மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எகிப்துக்காரர். "எங்கே வலி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரியாத ஆளை முகம் பார்த்துப் பேச வராது. கல்லாவைப் பார்த்துக்கொண்டே "டுமாரோ, சார்" என்றேன். அவர் தலையைத் தொட்டுக் காட்டினார், பல்லைக் காட்டினார், இடுப்பைப் பிடித்துக் காட்டினார். நான் மறுபடியும் "டுமாரோ" என்றேன். பின்னால் நின்ற ஓமானியப் பெரியவர் சிரித்துவிட்டார். நான் தப்பாகச் சொல்லவில்லை. நான் வேலை செய்யும் பூங்காவுக்கு மறுநாள் லாரியில் பேரீச்சங்கன்றுகள் வருவதாக இருந்தது. இறக்கி, குழி தோண்டி நட வேண்டும். அதற்கு முன்னால் போட்டுக்கொள்ளத்தான் மாத்திரை. வலி வந்த பிறகு மாத்திரை தேடுகிறவனை எங்கள் ஊரில் விவரம் கெட்டவன் என்பார்கள்.

எங்கள் ஊர் சின்னமனூர்ப் பக்கம் ஓடைப்பட்டி. எழுபதுகளில் அங்கே திராட்சைப் பந்தல்கள் பெருகின. பந்தல் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொடி தலைக்கு மேலே படர்ந்திருக்கும். கவாத்து வெட்டுவது, கொடியை இழுத்துக் கட்டுவது, பழம் அறுப்பது எல்லாமே அண்ணாந்து நின்று கையைத் தூக்கிக்கொண்டு செய்கிற வேலை. காலையில் தூக்கிய கை சாயந்திரம்தான் இறங்கும். நடுக்காலையில் டீ வாளி வரும்போது வடையோடு ஆளுக்கொரு மாத்திரையும் வரும். தோட்டத்துச் சொந்தக்காரரே கொடுத்துவிடுவார். பெட்டிக்கடையில் வெற்றிலைக்கும் பீடிக்கும் பக்கத்தில்தான் அது இருந்தது. கேட்டால் இரண்டைக் கத்தரித்துத் தாளில் மடித்துக் கொடுப்பார்கள். வீரபாண்டித் திருவிழாவுக்கு நடந்து போகிற பெண்கள் முந்தானையில் முடிந்துகொள்வார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாதி. நொண்டுகிற மாட்டுக்கு வெல்லத்தில் பொதிந்து கொடுத்தவரையும் பார்த்திருக்கிறேன்.

என் அக்கா பொன்னுத்தாய்தான் பந்தலுக்குக் கூலி வேலைக்குக் கூட்டமாகப் போகிற பெண்கள் கொத்துக்குத் தலைவி. புருஷனைச் சீக்கிரமே பறிகொடுத்தவள், பிள்ளை இல்லை. எந்தத் தோட்டத்துக்குப் போவது, யார் யார் வருவது எல்லாம் அவள் சொல்தான். அப்போது நானும் அந்தப் பந்தலில்தான் வேலை செய்தேன். ஒருநாள் கொத்துக்குப் புதிதாக வந்த பெண் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு வலிக்கலையே யக்கா, எதுக்கு?" என்றாள்.

"வலிச்ச பெறகு போட்டா அது உன் புருசன் மாதிரி. சோலி முடிஞ்சதுக்கு அப்புறம் வந்து நிக்கும். போடுடி ஆத்தா" என்றாள் அக்கா. பந்தலே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே விழுங்கினாள்.

மஸ்கட்டில் எனக்கு வயிறு எரியத் தொடங்கி, கம்பெனி டாக்டர் மாத்திரையை விடச் சொன்னார். மலம் கறுத்துப் போனால் ரத்தம், உடனே வந்துவிடு என்றும் எச்சரித்தார். விட்டேன். அதை என் மன உறுதி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இங்கே உச்சி வெயிலில் வேலை இல்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை. தோள் வலிக்கிறது என்றால் மேஸ்திரி குழாயைக் கையில் கொடுத்துப் புல்லுக்குத் தண்ணீர் விடச் சொல்லுவார். வலியை வலியாகவே வைத்துக்கொண்டு உட்கார இங்கே ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

போன வருடம் விடுமுறையில் போனபோது அக்கா வெளுத்துப் போயிருந்தாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பேச்சுவாக்கில், வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்றாள். கம்பெனி டாக்டர் எச்சரித்தது அதைத்தான். மறுநாளே பெரியகுளத்துக்கு அழைத்துப்போய் ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டர் இளைஞர்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?"

"ஒண்ணுமில்லங்கய்யா. எனக்குச் சீக்கே வந்ததில்ல."

"மேல்வலிக்கு ஒண்ணும் போடுறதில்லையா?"

"அது டீக்குப் போடுறதுங்க" என்றாள், சர்க்கரையைச் சொல்வதுபோல. எவ்வளவு காலமாக என்று கேட்டதற்கு, "பந்தல் போட்டதுலேர்ந்துங்க" என்றாள்.

குடலில் புண். ரத்தம் ஏற்றினார்கள், அதில் ஒரு பாட்டில் என்னுடையது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்: மறுபடி அந்த மாத்திரையைத் தொட்டு ரத்தம் கசிந்தால் இங்கே வந்து சேர மாட்டீர்கள்.

அக்கா விட்டுப் பார்த்தாள். கை தோளுக்கு மேல் எழவில்லை. கொண்டை போட முடியாமல் பக்கத்து வீட்டுப் பெண் முடிந்துவிட்டாள். பந்தலுக்குப் போய்ப் பாதியிலேயே திரும்பி வந்தாள். கொத்தை வேறொருத்தி பார்க்கட்டும் என்று தோட்டக்காரர் சொல்லியனுப்பினார்.

"நான் அனுப்புற பணத்த வச்சு வீட்ல இரு யக்கா" என்றேன்.

"இருந்து? மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கெடக்கவா? நீ அங்கன போயிருவ. இங்கன காலையில யாருலே வந்து என் கதவைத் தட்டுவா?"

"டாக்டரு சொன்னாகல்ல?"

"சொன்னாக. அவுக கையைத் தூக்கிக்கிட்டா நிக்கிறாக?"

சிறு வயதிலிருந்தே அவளிடம் எதிர்த்துப் பேசத் தெரியாதவன் நான். மறுநாள் காலை என் கண் முன்னாலேயே ஒன்றை விழுங்கினாள். மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கூந்தலைச் சுருட்டி முடிந்தாள். "ஏலே, இங்கன பாரு, கொண்டை போட்டுட்டேன்" என்று சிரித்தாள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

இந்த மாதம் சின்னமனூர்க்காரர் ஒருவர் ஊரிலிருந்து மஸ்கட்டுக்கு வந்தார். அக்காவைப் பற்றிக் கேட்டேன். "நல்லாருக்காக. இப்பவும் கொத்துல அவுகதான் மொத ஆளு" என்றார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். அவள் படுத்துக் கிடக்கிறாள் என்றிருந்தால், மாத்திரையை விட்டுவிட்டாள் என்று நம்பியிருப்பேன்.

போன வருடம் விடுமுறை முடிந்து நான் கிளம்பிய காலை அக்கா வழியனுப்ப நிற்கவில்லை. விடிந்ததும் வேலைக்குப் போய்விட்டாள். பஸ் தோட்டத்தை ஒட்டித்தான் போகும், பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தாள். பார்த்தேன். கவாத்து வெட்டி இலை இல்லாத பந்தல். கம்பிகளுக்கு மேலே வரிசையாகக் கைகள் நீட்டிக்கொண்டிருந்தன. முகங்கள் கொடிகளுக்குக் கீழே மறைந்திருந்தன. ஒரு கை மட்டும் ஆடியது. அது அக்காவுடையதா, எனக்காக ஆடியதா, கொடியை இழுத்ததா என்று தெரியவில்லை. நானும் ஜன்னலுக்கு வெளியே கையைத் தூக்கினேன்.

"ஏண்ணே, கையை உள்ள எடுங்க. எதுக்க லாரி வருது" என்று கண்டக்டர் கத்தினார்.

எடுத்துக்கொண்டேன். அவர்களுடைய கைகள் மேலேயே இருந்தன.