எங்கே, எப்போது, யார்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அது ஒரு வகையில் வசதி. ஒருவர் கையில் ரத்தம் எடுத்து, குழாயில் பெயரெழுதி, அடுத்தவரைக் கூப்பிடுவதற்குள் பொழுது நின்றபடியே போய்விடும். ஆனால் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்ப்யூட்டர் மன்றம் கூடும்போது இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தாக வேண்டும். என் கால் தன்னால் ஆட ஆரம்பிக்கும். பக்கத்தில் இருக்கும் டீச்சர், கோல வீடியோ போடுவதால் எங்களுக்குக் கோலம் டீச்சர், என் முழங்காலில் கைவைத்து அமுக்குவார். கையை எடுத்ததும் மறுபடி ஆடும்.

மன்றம் கூடுவது கோவில்பட்டியில் ஒரு டைப்ரைட்டிங் வகுப்பின் மாடியில். ஞாயிற்றுக்கிழமை மிஷின்களுக்கெல்லாம் உறை போட்டு ஓரமாகத் தள்ளி வைத்திருப்பார்கள். பத்துப் பேர் வந்தால் அன்று நல்ல கூட்டம். வீடியோ எடுப்பது, வெட்டி ஒட்டுவது, இணையத்தில் ஏற்றுவது, நாலு பேருக்கு அனுப்புவது, இதுதான் இப்போது எங்கள் பாடம். மன்றத் தலைவர் டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கக் கூட்டம் நடத்தியே பழகிய மனிதர். எங்களுக்கும் அஜெண்டா உண்டு, மினிட் புத்தகம் உண்டு. எதை முடிவு செய்தாலும் கை தூக்க வேண்டும். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைப்பதற்கே ஒருமுறை கை தூக்கினோம்.

மன்றத்துக்குப் பொதுவாக ஒரே சேனல்தான். அதன் கடவுச்சொல் தலைவருக்கு மட்டும் தெரியும். அவருடைய மடிக்கணினியில் இருந்துதான் எதுவும் ஏறும், எதுவும் இறங்கும். முன்பு இரண்டு உறுப்பினர்கள் சண்டை போட்டுக்கொண்டு, ஒருவருடைய மாடித்தோட்ட வீடியோவை இன்னொருவர் அழித்துவிட்டார். அதிலிருந்து, ஏற்றிய வீடியோவை இறக்க வேண்டுமானால் தீர்மானம் போட வேண்டும் என்று விதி.

தலைவருக்கு இன்னொரு விதியும் உண்டு. காணொளி தொடங்கிய அரை நிமிடத்துக்குள் மூன்று விஷயம் சொல்லிவிட வேண்டும். எங்கே, எப்போது, யார். "பாக்குறவன தவிக்க விடக்கூடாதும்மா" என்பார். நானும் நல்ல மாணவியாக அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன்.

நாங்கள் ஆட்டுக்காரர்கள். அப்பாவும் அம்மாவும் ஆட்டுக் கிடையோடு ஊர் ஊராகப் போய்விடுவார்கள், நான் நாகலாபுரத்தில் அத்தை வீட்டில் இருந்து படித்தேன். இப்போது ஆடுகள் என் தம்பியிடம் இருக்கின்றன. அறுப்பு முடிந்த கரிசல் புஞ்சையில் வலையைச் சுற்றிக் கட்டி, ராத்திரி ஆடுகளை உள்ளே அடைத்துப் போடுவான், அதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். சில நாளில் அடுத்த புஞ்சை, அடுத்த ஊர். வீடென்று சொல்ல அவனுக்கு ஒரு தார்ப்பாயும் ரெண்டு கட்டிலும்தான். கூட்டாளி ஒருவர் உண்டு.

கிடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டில் போகிற யாராவது "எங்கன கிடை போட்டிருக்கீய?" என்று கேட்டால் ஊரைச் சொல்ல மாட்டார்கள். கையைக் காட்டி "வடக்க" என்பார்கள், அல்லது "மேற்க" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கேட்டவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஊரும் புஞ்சையும் வீட்டாளுக்கு மட்டும்தான். என் தம்பி இடம் மாறும் ஒவ்வொரு தடவையும் தன் பட்டன் போனில் என்னைக் கூப்பிடுவான். "அக்கா, இன்ன ஊர்ல, இன்னார் புஞ்சையில இருக்கோம்." அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிடுவான். அம்மா அப்பா காலமான பிறகு அந்த ஒரு வரிதான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே வீடாக இருந்தது. அவன் எங்கே இருக்கிறான் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமை.

இவ்வளவும் தெரிந்தவள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, செல்போனையும் அதை நிறுத்தும் மூன்று கால் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு தம்பி அப்போது கிடை போட்டிருந்த எப்போதும்வென்றான் ஊருக்குப் போனேன்.

அந்த மாதப் பாடம், நம் வட்டாரத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு வீடியோ. தம்பி வலையில் அறுந்த கண்ணியை முடிந்துகொண்டிருந்தான். "என்னத்துக்குக்கா இது?" என்றான். "ஒனக்குப் புரியாதுலே, நீ பாட்டுக்கு வேலயப் பாரு" என்றேன். அவனும் வேலையைப் பார்த்தான். நான் கேமரா முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, எங்கே என்று சொன்னேன்: ஊர், கண்மாய்க் கரை, யாருடைய புஞ்சை. எப்போது என்று சொன்னேன்: அடுத்த புதன் வரைக்கும் கிடை இங்கேதான். யார் என்று சொன்னேன்: என் தம்பியும் கூட்டாளியும், இரண்டே பேர். உணர்ச்சி இருந்தால்தான் ஆட்கள் பார்ப்பார்கள் என்று கோலம் டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் குரலைத் தழைத்து, காவலுக்கு இருந்த நாய் போன மாதம் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனதையும் சொன்னேன். அந்த இடத்தில் எனக்கே கண் கலங்கியது. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் புதன்கிழமையே தலைவர் அதை ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை காலை மாடிப்படி ஏறும்போதே தீப்பெட்டி முதலாளி என்னை மறித்தார். எங்கள் மன்றத்தில் வசதியான ஆள் அவர்தான். பறக்கும் கேமரா வைத்திருப்பவரும் அவர்தான்.

"தங்கச்சி, ஒங்க வீடியோ என்ன ஓட்டம் ஓடுது பாத்தீங்களா! எங்க வியாபாரிங்க குரூப்பு, சொந்தக்காரவுக குரூப்பு, எல்லாத்துலயும் தட்டி விட்டுட்டேன்" என்று போனை நீட்டினார்.

கீழே கருத்துகள் வரிசையாக இருந்தன. அருமை. கண் கலங்கிவிட்டது. கறி கிலோ என்ன விலை? சிரித்துக்கொண்டே விரலால் தள்ளினேன். அடுத்து ஒன்று: எந்தக் கண்மாய், சின்னதா பெருசா? அதே ஆள் இன்னொன்று: வேற நாய் இல்லையா? அதே ஆள் மறுபடி: புதன் வரைக்கும் கண்டிப்பா இருக்குமா? பெயர் இல்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ.

போன வருஷம் எங்கள் சொந்தத்தில் ஒருவருடைய கிடைக்குள் திருடர்கள் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து பாதி ஆட்டை ஏற்றிக்கொண்டு போனார்கள். காவலுக்குப் படுத்திருந்தவருக்கு மண்டை உடைந்து பதினெட்டுத் தையல். அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போனவள் நான்தான்.

படியிலேயே நின்று தம்பிக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். அவன் டீக்கடையில் கொடுத்துத்தான் சார்ஜ் ஏற்றுவான், அணைந்து கிடப்பது வழக்கம்தான். ஆனாலும் மறுபடி மறுபடி போட்டேன். உள்ளே போய்த் தலைவரிடம், "அண்ணாச்சி, என் வீடியோவை உடனே எடுத்துருங்க" என்றேன்.

"எதுவா இருந்தாலும் 'இதர விஷயங்கள்'ல பேசுவோம்மா. கடைசி அய்ட்டம். நாலாவது அய்ட்டமே ஒங்க காணொளிதான், ஒக்காருங்க."

சட்டென்று காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆட்டுக்காரர் மகள், கிடை இருக்கும் இடத்தைத் தெருவில் நின்று கூவியிருக்கிறாள் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், கை கொடுத்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. உட்கார்ந்துவிட்டேன்.

முதல் அய்ட்டம், போன கூட்டத்து மினிட்டை வாசிப்பது. இரண்டாவது, முகத்தில் வெளிச்சம் விழும்படி எங்கே உட்காருவது. மூன்றாவது, வீடியோவின் முகப்புப் படத்தில் எழுத்து மஞ்சளா சிவப்பா என்று முக்கால் மணி நேரம். நான் பெஞ்சுக்கு அடியில் போனை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். சுவிட்ச் ஆஃப். கால் ஆடிய ஆட்டத்தில் பெஞ்சே ஆடியது. டீச்சர் முழங்காலில் கையை வைத்தார். "என்னாச்சு, ஒடம்புக்கு முடியலியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

நாலாவது அய்ட்டம். சுவரில் திரையாகத் தொங்கிய வேட்டித் துணியில் என் தம்பி பெரிதாக வந்தான். குனிந்த தலை, வலை, அவனுக்குப் பின்னால் கண்மாய்க் கரை, கரை மேல் ஒற்றைப் பனை. அந்தப் பனை போதும், யாரும் வழி கேட்காமலே வந்து சேர்ந்துவிடலாம். நான் அதைத் திருடனுடைய கண்ணால் பார்த்தேன். வண்டி எந்தப் பக்கம் இறங்கும், கட்டில் எங்கே கிடக்கிறது, ஆட்கள் எத்தனை. எல்லாவற்றையும் என் குரலே அவனுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. நாய் செத்த இடம் வந்தபோது டீச்சர் கண்ணைத் துடைத்தார்.

"எங்கே, எப்போது, யார். இதுதான் காணொளி!" என்று தலைவர் கை தட்டினார்.

நான் எழுந்துவிட்டேன். "அண்ணாச்சி, அத எடுங்க! இப்பவே எடுங்க! ராத்திரி ரெண்டு பேருதான் படுத்துக் கெடப்பாங்கன்னு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். எவனோ நாய் இருக்கா, புதன் வரைக்கும் இருக்குமான்னு கேக்குதான். காலையில இருந்து தம்பி போன் சுவிட்ச் ஆஃப்." அதற்குள் அழுகை வந்துவிட்டது.

தலைவர் நல்ல மனிதர். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கை பழக்கத்துக்கு மினிட் புத்தகத்தை எடுத்தது. எல்லோரும் கை தூக்கினோம். நான் இரண்டு கையையும் தூக்கினேன். 'பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு நீக்கப்படுகிறது' என்று எழுதி, தேதி போட்டு, பிறகுதான் கணினியைத் தொட்டார். வீடியோ போய்விட்டது.

தீப்பெட்டி முதலாளி தொண்டையைச் செருமினார். "தங்கச்சி... நான் அத என் போன்ல எறக்கித்தான் அனுப்புனேன். குரூப்புல எல்லாம் அது அப்படியே கெடக்கும்."

படியிறங்கி ஸ்கூட்டியை எடுத்தேன். ஒரு மணி நேர வெயில். வழியில் எதிரே வந்த ஒவ்வொரு லோடு ஆட்டோவிலும் ஆடு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

புஞ்சை காலியாக இருந்தது. வலை இல்லை, கட்டில் இல்லை, ஆடு இல்லை. புழுக்கையும், குச்சி நட்ட குழிகளும்தான். ஓரத்தில் புழுதியில் ஒரு வண்டியின் டயர்த் தடம் வளைந்து திரும்பியிருந்தது. அங்கேயே வெடித்த மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

ரோட்டோர டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். தம்பி போனுக்குச் சார்ஜ் ஏற்றித் தருகிறவர் அவர்தான்.

"பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவல. வியாழக்கிழமை மத்தியானம் ஒங்க வீடியோவ நாந்தான் என் போன்ல தம்பிக்குக் காட்டுனேன், சந்தோசப்படுவாப்லன்னு. ரெண்டு தடவ பாத்தாப்ல. போன என் கையில குடுத்துட்டு எந்திரிச்சிட்டாப்ல. பொழுது சாயுததுக்குள்ள வலயச் சுருட்டிட்டுக் கெளம்பிட்டாங்க. புஞ்சைக்காரருக்குக்கூட வருத்தம்தான், புதன் வரைக்கும்னு பேசியிருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு வண்டி லைட்டு போடாம வந்து திரும்பிப் போயிருக்கு. தடத்தப் பாத்தீங்கல்லா?"

பார்த்தேன். தம்பி கிளம்பி மூன்று நாள் ஆகியிருக்கிறது. எனக்குப் போன் வரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வரவில்லை.

கூட்டாளியின் நம்பர் டீக்கடைக்காரரிடம் இருந்தது. போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம், ஆடு கத்தும் சத்தம், பிறகு தம்பி.

"ஏலே, நல்லா இருக்கியா? ஆடெல்லாம் இருக்கா?"

"இருக்குக்கா. எல்லாம் இருக்கு."

"என் மேல தப்புதாம்லே. புத்தி கெட்டுப்போய்ச் செஞ்சிட்டேன். எடுத்தாச்சு, எடுக்கச் சொல்லிட்டேன்."

"சரிக்கா, விடு. இந்த வெயில்ல நீ எதுக்கு அம்புட்டுத் தூரம் வந்த? சாப்டியா?"

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி, அழுது, ஒருவழியாக முடித்திருப்பேன்.

"சாப்புடுதேன். நீ இப்ப எங்கன இருக்க? இப்படியே வந்து ஒன்னப் பாத்துட்டுப் போறேன்."

போன் கட்டாகிவிட்டதோ என்று காதில் இருந்து எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.

"கெழக்கக்கா" என்றான்.

"கெழக்கன்னா எந்த ஊருலே?"

"கெழக்கதான்க்கா. வெயில் தாழ வீட்டுக்குப் போ." வைத்துவிட்டான்.

கிழக்கே எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. குளத்தூர் இருக்கிறது, அதற்கு அப்பால் உப்பளம், அதற்கும் அப்பால் கடல். போனைத் திருப்பிக் கொடுத்தேன். டீக்கடைக்காரர் தம்பி எங்கே இருக்கிறான் என்று கேட்டார். கையை நீட்டி, "கெழக்க" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு அவர் டீ போடப் போனார்.