பட்டு நூலில் தைத்த கூரை

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். சின்ன ‘ர’ எங்கே, பெரிய ‘ற’ எங்கே என்று இன்று வரை எனக்குச் சந்தேகம். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளவும். நேரில் சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நாலு பேர் சேர்ந்தாற்போல் என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் எழுதுகிறேன்.

ஆரணியில் எங்களுக்குப் பட்டுத் தறி. தறியில் வேலை குறைகிற மாதங்களில் நான் அரிசி லாரியில் கிளீனராகப் போவேன். எங்கள் ஊர் மில் அரிசி எங்கெங்கோ போகிறது, கேரளாவுக்கு அதிகம். லாரி ஒரு பாலத்தில் ஏறினால் போதும், நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். கீழே தண்ணீர் இருக்கிறதா, தண்ணீரில் படகு இருக்கிறதா, அந்தப் படகு ஒரு காலத்தில் ஆலப்புழையில் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுப் படகா என்று பார்ப்பேன். பல வருஷப் பழக்கம்.

டிரைவருக்கு என் வயதுதான். உறவு ஒன்றும் இல்லை, ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

“இன்னா மச்சான், உன் சின்ன வூடு தெரியுதா?”

“இல்ல.”

“நல்லா பாத்து சொல்லு. வேணும்னா பாலத்துலயே ரிவர்ஸ் எடுக்கறேன். பின்னாடி வர்றவன் திட்னா நீ பதில் சொல்லிக்கோ.”

நான் பதில் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அப்படிச் சொல்வார்.

அந்தப் படகுகளுக்கு ஆலப்புழையில் வயது முடிந்துவிடும். புதுசாக மாடி வைத்த படகுகள் வந்ததும் பழையதற்கு ஆள் ஏற மாட்டார்கள். வாங்குகிறவன் வேறு ஏரிக்கோ கால்வாய்க்கோ கொண்டுபோய்விடுவான். முதல் வேலையாகப் பெயரை அழிப்பான். பிறகு கூரையைப் பிரிப்பான், அறைத் தடுப்பை எடுப்பான். ஆனால் அடிப்பாகத்தை மாற்ற முடியாது. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த பலகை, மேலே கறுப்பு எண்ணெய், முன்னால் மேலே வளைந்த மூக்கு. அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். குளியலறைக் குழாய் போன ஓட்டையை ஒரு பலகைத் துண்டு வைத்து அடைத்திருப்பார்கள். ஏசி வைத்த இடத்தில் சதுரமாகப் பெயிண்ட் வேறு நிறத்தில் இருக்கும். கோட்டயம் பக்கம் ஒன்று செங்கல் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தேன். நெல் ஏற்ற ஆந்திராவுக்குப் போனபோது கோதாவரிக் கால்வாயில் தெலுங்கில் பெயர் எழுதி ஒன்று நின்றது. ஒன்று தண்ணீரே இல்லாமல் நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் கிடந்தது. அதற்குள் மேஜை போட்டுப் பரோட்டா விற்றார்கள். நானும் டிரைவரும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் சாப்பிட்டது பாதி, கூரையைப் பார்த்தது பாதி.

எதற்குக் கூரையைப் பார்த்தேன் என்றால், அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்பே நான் ஆலப்புழையில் வேலை செய்தேன். எங்கள் ஊர் அரிசியை வாங்குகிற கடைக்காரர் ஒருவரிடம் ஒரு வீட்டுப் படகு இருந்தது. தறி மந்தமான ஒரு வருஷம், லாரியோடு போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். தண்ணீர் நிரப்புவது, கயிறு கட்டுவது, சமையல்காரருக்கு மீன் கழுவிக் கொடுப்பது. விருந்தாளிகள் என்னிடம் பேச வேண்டிய அவசியம் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் நாள் முழுக்கச் சொல்ல வேண்டும்: “தலை, தலை.” முன்னால் உட்காரும் இடத்திலிருந்து அறைகளுக்குப் போகிற வழியில் குறுக்கே ஒரு உத்திரம், உயரம் குறைவு. குனியாவிட்டால் நெற்றியில் அடிக்கும்.

வைகாசியில் ஊருக்கு வந்தபோது எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். பெண் சேத்துப்பட்டுப் பக்கம், தறி வீட்டில் பிறந்தவள். என்னைவிட ஒரு பிடி உயரம். பந்தியில் அதையே பேசினார்கள். அவளும் கேட்டிருப்பாள் போல. தெருவில் என் பக்கத்தில் நடக்கும்போது தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தாள்.

எங்கள் வீட்டில் முன் அறையை இரண்டு தறி அடைத்துக்கொண்டிருக்கும். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அண்ணனுக்கு. பின்னால் சமையல். அண்ணன் குடும்பம், அம்மா, தங்கை எல்லாரும் அதற்குள்தான். எங்கள் இருவருக்கும் இரண்டு தறிக்கு நடுவே பாய் போட்டு, குறுக்கே ஒரு புடவை கட்டினார்கள். அப்பா இருமினால் புடவை அசையும். நான் இயல்பிலேயே பேசாதவன். அந்தப் புடவைக்கு இந்தப் பக்கம் என்ன பேசியிருப்பேன்? அவள் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்குச் சரியாகத் தெரியாமல் இருந்தது.

மழைக்காலத்தில் ஆலப்புழையில் சுற்றுலாக்காரர்கள் குறைந்துவிடுவார்கள். படகை ஒரு சின்னக் கால்வாயில் தென்னைமரங்களுக்கு அடியில் கட்டிவிடுவார்கள். உள்ளே கசிகிற தண்ணீரை இறைக்க ஒரு ஆள் வேண்டும். தண்ணீர் ஏறினால் கயிற்றைத் தளர்த்தவும் ஆள் வேண்டும். முதலாளி சொல்லி அனுப்பினார்: நீயே வா, பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வா, இரண்டு அறை சும்மாதான் கிடக்கிறது.

போனோம்.

ஏறிய உடனே அவள் உத்திரத்தில் இடித்துக்கொண்டாள். நான் ‘தலை’ என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் டம் என்று சத்தம். நெற்றியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று பயந்து குனிந்து பார்த்தேன். சிரிக்கிறாள்.

“இன்னாங்க இது, வாசப்படிய தலைக்கு மேல வெச்சிகீறாங்க!”

அவ்வளவு பெரிய சிரிப்பு. அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவளுக்குள் இப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மறுநாளும் இடித்தாள், சிரித்தாள். ஒரு வாரத்தில் அவள் தலை தானாகக் குனியப் பழகிவிட்டது. இடிப்பது நின்றது, சிரிப்பு நிற்கவில்லை. நான்கூடப் பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்டால் எதுவும் பெரிதாக இல்லை. மீன் விலை, மழை, எங்கள் அண்ணன் குறட்டை. அவள் அண்ணன் குறட்டையைப் போல் செய்து காட்டுவாள். நானும் செய்வேன். அங்கே புடவைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. புடவையே இல்லை.

படகின் கூரை மூங்கில் பாய். எங்கள் கட்டிலுக்கு மேலே ஒரு இடத்தில் கிழிந்து ஒழுகியது. அதைத் தைக்கக் கயிறு இருந்தது. ஆனால் தறி வீட்டுப் பெண்ணுக்குக் கிழிசலைப் பார்த்தால் கை நூலைத்தான் தேடும். பாவு அறுத்து மிஞ்சிய அரக்கு நிறப் பட்டு நூல் ஒரு கொத்து அவள் பெட்டியில் இருந்தது. கட்டில்மேல் ஏறி நின்று, நாலைந்து இழையாக முறுக்கி, பட்டு நூலாலேயே கூரையைத் தைத்துவிட்டாள். பாயைத் தைக்கிற நூலா அது? எங்கள் தெருவில் யாரிடம் சொன்னாலும் தலையில் அடித்துக்கொள்வார்கள். முதலாளி வந்தபோது அண்ணாந்து பார்த்தார். என் பெண்சாதிக்கே நான் ஆரணிப் பட்டு எடுத்துக் கொடுக்கவில்லை, நீங்கள் படகுக்குக் கட்டிவிட்டீர்களே என்றார். அவர் போகும் வரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் சிரித்தாள். நல்ல மழை அன்று. தைத்த இடம் ஒழுகத்தான் செய்தது. இழை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவள் அதற்கு அடியில் ஒரு சொம்பை வைத்துவிட்டு, “தையல் அயகா கீது இல்ல?” என்றாள்.

ஆவணிக் கடைசியில் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, தறிக்குழியில் இறங்க முடியவில்லை என்று தகவல் வந்தது. கிளம்பி வந்து அப்பாவின் தறியில் நான் உட்கார்ந்தேன். அடுத்த வருஷம் முதலாளி படகை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுத்தார் என்று கேள்வி. அதற்குமேல் தெரியவில்லை.

அப்பா அம்மா இப்போது இல்லை. ஆனால் வீடு அதே வீடுதான், ஆள் குறையவில்லை. அண்ணன் பிள்ளைகள், மருமகள், பேரன் பேத்தி. நல்லவர்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவள் ஆரணிக்கு வந்த நாளிலிருந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். நான் லாரியில் போய் வந்தால் குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு மெதுவாகக் கேட்பாள்:

“மழையா அங்க?”

மற்றவர்களுக்கு அது மழையைப் பற்றிய கேள்வி. எங்களுக்கு அது படகைப் பற்றியது. “மழ இல்ல” என்றால் பார்க்கவில்லை என்று அர்த்தம். “தூறல்” என்றால் ஒன்று பார்த்தேன், அது நம்முடையது இல்லை.

ஒவ்வொரு படகிலும் நான் தேடியது அந்த அரக்கு நூலைத்தான். மூங்கில் பாயைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நானே மாற்றியிருக்கிறேன். அந்தப் பாய் என்றோ அடுப்புக்குப் போயிருக்கும். இருந்தாலும் அண்ணாந்துதான் பார்ப்பேன்.

போன வருஷம் அவளுக்கு முட்டி வலி வந்தது. தறியில் உட்கார்ந்தால், குழியிலிருந்து எழுந்திருக்கத் தறிக்கட்டையைப் பிடித்துக்கொள்கிறாள். ஒரு நாள் மருமகள் கடைக்குப் போயிருந்தபோது சொன்னாள்: “கால் நடக்கறப்பவே ஒரு வாட்டி பாத்துடணுங்க. அப்புறம் நீங்க கண்டுபுட்ச்சி இன்னா பிரயோஜனம்?”

அதற்கப்புறம்தான் கொல்லத்தில் ஒன்றைப் பார்த்தேன். காயலோரம் கட்டிப்போட்ட பழைய படகு, தகரக் கூரை, பச்சைப் பெயிண்ட், உள்ளே டீக்கடை. பாலத்திலிருந்து பார்த்தேன். மூக்கு வளைவு அதே மாதிரி தெரிந்தது. இறங்கிப் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஊருக்கு வந்ததும் அவள் கேட்டாள். “மழை போலத்தான் கீது” என்றேன். அன்று குளிக்கிற தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தது. விளாவ மறந்துவிட்டாள்.

டிரைவர்தான் வழி செய்தார். “அடுத்த லோடு கொல்லம். தங்கச்சிய ஏத்திகினு வா. கேபின்ல எடம் கீது. நான் வழியில பீடி குடிக்க மாட்டேன், சத்தியம்.” சத்தியத்தைச் சேலம் வரை காப்பாற்றினார்.

அரிசியை இறக்கிவிட்டு மூன்று பேரும் காயலோரம் நடந்தோம். டீக்கடையில் நல்ல கூட்டம். ஒரு பலகை வழியாக ஏற வேண்டும். நான் முதலில் ஏறினேன். உடனே அண்ணாந்தேன். தகரம். பாயும் இல்லை, நூலும் இல்லை. அறைகள் இருந்த இடத்தில் பெஞ்சு. எங்கள் கட்டில் கிடந்திருக்க வேண்டிய இடத்தில் கேஸ் அடுப்பு. நானாக எதையோ நினைத்துக்கொண்டு அவளை இவ்வளவு தூரம் இழுத்து வந்துவிட்டேனே என்று மனம் கனத்தது. அவளைத் திரும்பிப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

பின்னால் டிரைவர் குரல் கேட்டது.

“இன்னா தங்கச்சி, டீக்கடைக்கு கும்புடு போட்டுகினு நொழையறே?”

திரும்பினேன். எதிரே ஒன்றும் இல்லாத வழியில் அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தாள். மேலே தகரம்வரை வெறும் காற்றுதான். அவளுக்கே அது தெரியவில்லை. டிரைவர் சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி இரண்டு பக்கக் கம்பத்தையும் தடவினாள். ஒவ்வொரு கம்பத்திலும், அவள் நெற்றி உயரத்தில், அறுத்தெடுத்த உத்திரத்தின் அடிக்கட்டை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. பச்சைப் பெயிண்டுக்குள் ரம்பம் போன கோடு தெரிந்தது.

“இங்கதாங்க” என்றாள்.

டீ குடித்தோம். கடைக்காரரிடம் கேட்கலாமா, இந்தப் படகு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும் என்றேன். எனக்கு மலையாளம் தெரியும். அந்நியரிடம் நானாகப் பேசுகிறேன் என்று சொன்னது என் வாழ்க்கையில் அபூர்வம். அவள் வேண்டாம் என்றாள்.

“இல்லன்னு சொல்லிட்டா?”

நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். ஒரே பட்டறையில் கட்டிய படகுகளில் அந்த உத்திரம் அதே இடத்தில், அதே உயரத்தில்தான் இருக்கும். கோட்டயத்துச் செங்கல் படகிலும் பார்த்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் தலை குனிந்ததே, அது போதும் என்று இருந்தது. கிளம்பும்போது அவள் ஒரு கையால் கம்பத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். முட்டி வலி என்று டிரைவர் நினைத்து ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

வீட்டில் கேட்டார்கள், எங்கே போனீர்கள் என்று. “டீ குடிக்கப் போனோம்” என்றாள்.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. அடுத்த லோடு போய்த் திரும்பினேன். தண்ணீர் எடுத்து வைத்தாள். வைத்துவிட்டு, “மழையா அங்க?” என்றாள். கண்டுபிடித்தாயிற்று என்று இருவரும்தான் சொல்லிக்கொண்டோம். இருந்தும் கேட்டாள். நானும் அந்தத் தடவை வழியிலிருந்த ஒவ்வொரு பாலத்திலும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன். “தூறல்” என்றேன்.

இன்று எல்லாரும் ஆற்றுக்குப் போயிருக்கிறார்கள். கமண்டல நாகநதியில் கொஞ்சம் தண்ணீர் வந்திருக்கிறது. அவளுக்கு முட்டி வலி, எனக்குக் கூட்டம் ஆகாது. இருவரும் வீட்டில் இருக்கிறோம். தறி இரண்டும் நிற்கிறது. இவ்வளவு அமைதியாக இந்த வீட்டை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுதிவிட்டேன். அவள் சோறு வடித்துவிட்டு வந்து, “இன்னா இவ்ளோ நேரமா எழுதிகினு கீறீங்க, படிங்க கேக்கறேன்” என்றாள். கூச்சமாக இருந்தது. தறிப் பக்கம் திரும்பிக்கொண்டு, கோட்டயத்து உத்திரத்தை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். தலைக்கு மேல் வாசப்படி வைத்த இடம் வந்தது. அவள் சிரித்தாள். முந்தானை கையில்தான் இருந்தது, வாய்க்குப் போகவில்லை. எதிர் வீட்டில் யாராவது இருந்திருந்தால் வெளியே வந்து பார்த்திருப்பார்கள்.

ஆரணி, ஆடி பதினெட்டு.