பொடி மருந்தும் பரல் மருந்தும்

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், விரி என்ற ஊரில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஏரம்பமூர்த்திக்குத் துவக்கு, துப்பாக்கி எதிலும் ஆசை கிடையாது. பிறந்தநாள் வீட்டில் யாராவது பலூனை உடைத்தாலே கதிரையை விட்டு எழும்பிவிடுகிற மனிதர். அப்படிப்பட்டவர் 1997இல் ஒரு சனிக்கிழமை காலை, கூட வேலை செய்யும் நீல் என்ற வெள்ளைக்காரனுடைய காரில் ஏறிப் பாபகூராவுக்கு அப்பால் உள்ள சுடுதிடலுக்குப் போனார். மனைவி வசந்தமலர் கேட்ட ஒரு கேள்விதான் அவரை அங்கே கொண்டுபோனது.

முன்பு ஊரில், வன்னியில் இருந்தபோது அவர்களிடம் ஓர் இடியன் இருந்தது. குழலின் வாயால் வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடுகிற நாட்டுத் துவக்கு. கச்சான் கடலைத் தோட்டத்துக்குள் பன்றி இறங்காமல் காத்தது அதுதான். ஒரு மாரியில், வழக்கமாக மருந்து தருகிறவனிடம் இல்லையென்று வசந்தமலர் வேறொருவனிடம் வாங்கி வந்தாள். பழைய மருந்து பரல் பரலாக இருக்கும். இது பொடி. அந்தக் கிழமையே, ஏரம்பமூர்த்தி கிளிநொச்சிக்குப் போயிருந்த நேரம், அவளுடைய தம்பி யசீகரன் அந்த இடியனால் பன்றிக்கு வெடி வைத்தான். குழல் பிளந்தது. பெடியன் அந்த இடத்திலேயே முடிந்துபோனான்.

செத்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் ஏரம்பமூர்த்தி வாயைத் திறந்தார். "இவள் வாங்கின பொடி மருந்துதான் பெடியனைக் கொன்றது." துக்கம் வந்தவனுக்குக் குற்றம் சுமத்த ஓர் ஆள் வேண்டும். இவருக்குக் கையெட்டும் தூரத்தில் பெண்டாட்டி நின்றாள், அவ்வளவுதான். அவளும் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அன்றோடு தாய் அவள் முகத்தில் முழிப்பதை விட்டுவிட்டாள். கனடாவுக்குப் போன அக்கா இராசமலர், இவள் குரல் கேட்டதுமே போனை வைத்துவிடுவாள். போன வருடம் தாயும் கண்ணை மூடினாள். செய்தி வந்த அன்று வசந்தமலர் அழவில்லை. இங்கே அவர்கள் குடியிருந்த பாபடோயிட்டோய் வீட்டுக் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றபடி கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, உண்மையா அந்த மருந்துதானே?"

ஏரம்பமூர்த்தி எழுந்து வெளியே போய்விட்டார். அந்தக் கேள்வி சோற்றுக்குள் கல் மாதிரி அவருக்குள்ளேயே கிடந்தது. ஆகவே நீல் ஒருநாள் தன்னுடைய பழங்காலத் துவக்குக்கு எந்த மருந்து நல்லதென்று சுட்டுப் பார்க்கப்போவதாகச் சொன்னபோது, நானும் வரட்டுமா என்று கேட்டார். நீல் அதிசயமாகப் பார்த்தான்.

திடலில் நீல் குழலுக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டியை வைத்தான். குண்டு பறக்கிற வேகத்தை அது சொல்லிவிடும். முதலில் பரல் மருந்து. வேகம் மட்டு, ஆனால் குறிப்பலகையில் ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தன. கடையில் விற்கிற மாற்று மருந்து சுமாராகச் சுட்டது. பிறகு பொடி. ஏரம்பமூர்த்தி காருக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். வெடித்தது. புகை விலகியது. வேகம் கொஞ்சம் கூடியிருந்தது, குறி கொஞ்சம் சிதறியிருந்தது. குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பொடி மருந்துக்குக் குழல் பிளக்காதா என்று கேட்டார். நான் எத்தனை வருடமாகப் போடுகிறேன் என்று நீல் சிரித்தான். உன்னுடையது நல்ல இரும்பு என்று வாதாட வாயெடுத்தவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வசந்தமலர் வாங்கி வந்த அன்றே அதே பொடியில் அவரே ஒரு வெடி வைத்தார். இடியன் அசையாமல் நின்றது.

அதற்குப் பிறகுதான் அவர் நீலின் கையைக் கவனித்தார். ஒவ்வொரு முறையும் மருந்து கொட்டுமுன் அவன் கெட்டிக்கும் கம்பியை வெறுங்குழலுக்குள் விட்டான். அது அடியில் போய் 'ணங்' என்றது. கம்பியில் கீறியிருந்த கோடு குழல் வாயோடு சரியாக நின்றது. எதற்கென்று கேட்டார்.

முதல் போட்ட மருந்து உள்ளே கிடந்தால் கோடு மேலே நிற்கும், அதற்கு மேல் இன்னொன்றைக் கெட்டித்தால் குழல் பிளந்துவிடும் என்று, துணியில் கையைத் துடைத்தபடி நீல் சொன்னான்.

ஏரம்பமூர்த்தி புல்லில் குந்திவிட்டார். யசீகரன் செத்ததற்கு முதல்நாள் அந்தி. தூறல். இடியனைக் கெட்டித்துவிட்டுப் பன்றிக்குக் காவல் இருந்தார். பன்றி வரவில்லை. துவக்கைக் கொட்டிலின் மூலையில் சாத்திவிட்டுப் படுத்தார். விடிந்ததும் கிளிநொச்சி பஸ். துவக்கு கெட்டித்தபடி கிடக்கிறதென்று ஒருவரிடமும் சொல்லவில்லை. பாவி மனிதர், இத்தனை வருடம் அது நினைவிலேயே இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வசந்தமலர் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். அவர் சட்டையில் மருந்து மணத்தது. அவள் முகத்தைத் திருப்பினாள்.

"மலர், பிழை என்ர. முதல்நாள் கெட்டிச்சு வைச்சிட்டுச் சொல்லாமப் போனன். தம்பி அதுக்கு மேல கெட்டிச்சிருக்கிறான். உன்னில ஒண்டுமில்லை."

அவள் கையிலிருந்த ஈரச் சேலையை முறுக்கிப் பிழிந்தாள்.

"அம்மா போயிட்டா. இனி ஆரிட்டச் சொல்லப்போறியள்?"

 அவள் சேலையைக் கூடைக்குள் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவரும் பின்னால் போனார். போனை எடுத்து, மனப்பாடமாக இருந்த எண்ணை அழுத்தி, அவரிடம் நீட்டினாள். 

"ஹலோ, ஆர் கதைக்கிறது?" என்றது இராசமலரின் குரல்.

"அக்கா, நான் மூர்த்தி. வைச்சிடாதேங்கோ," என்றார் அவர். "மருந்தில ஒரு பிழையுமில்லை."